எந்தப் பால், எவ்வளவு பால்? புட்டியில் குட்டி வளர்க்க வருவோருக்கு ஆச்சியின் பதினைந்து சொல்

போன கார்த்திகையில், அடைமழை விட்ட ஒரு காலையில், பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் கட்டைப்பையோடு வாசலில் வந்து நின்றார். பைக்குள் பழைய துண்டில் சுற்றிய கன்னி ஆட்டுக் குட்டி. தாய் மூன்று போட்டிருக்கிறது; போட்ட கையோடு செத்துவிட்டது. இரண்டு குட்டி விடியுமுன் போய்விட்டன. மிச்சம் இது ஒன்று.

“ஆச்சி, இதுக்கு எந்தப் பால் குடுக்கணும்?”

“பாலு இருக்கட்டும் தம்பி. வாய்க்குள்ள வெரல் வச்சுப் பாத்தியா?”

நானே வைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் கைவிட்ட மாதிரி இருந்தது.

புதிதாக ஆடு வாங்கியவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் எந்தப் பால் என்பது மூன்றாவது கேள்வி. குட்டி சூடாக இருக்கிறதா என்பது முதலாவது. சீம்பால் குடித்ததா என்பது இரண்டாவது. எவ்வளவு கொடுப்பது என்பது நாலாவது. அந்த நாலாவதில்தான் நானே குட்டிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நாற்பது வருசமாக ஆடு வளர்க்கிறேன். கீழே வரும் கணக்குகள் கால்நடை மருத்துவர்களும், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியும் சொல்லிக் கொடுத்தவை. தப்புகள் என் சொந்தம்.

1. புட்டியைத் தேடுமுன் தாயைப் பாருங்கள்

தாய் உயிரோடு இருந்தால் புட்டி கடைசி வழி. முதல் ஈத்து ஆடு குட்டியைக் கண்டு மிரளும், முட்டித் தள்ளும். உடனே “தாய் சேர்க்கவில்லை” என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காம்பைப் பிடித்து இரண்டு பீச்சு பீச்சிப் பாருங்கள். காம்பின் நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். அது போனால்தான் குட்டிக்குப் பால் இறங்கும். மடி கல்லாக இருந்தால், தொட்டால் சுட்டால், பால் திரிந்து வந்தால் அது மடிநோய். அந்தப் பாலைக் குட்டிக்குக் கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடி நன்றாக இருந்தும் ஆடு உதைத்தால், சுவரோரம் நிறுத்தி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஊட்டவிடுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தாய் பணிந்துவிடும். கன்னி ஆட்டில் இரட்டை சகஜம், மூன்றும் விழும். மூன்று இருந்தால் மூன்றையும் தாயிடமே விட்டு, இளைத்ததற்கு மட்டும் புட்டியில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். தாய்வாசம் போகாது.

2. குளிர்ந்த குட்டிக்குப் பால் விடாதீர்கள்

ஆட்டுக்குட்டியின் உடல் சூடு நம்முடையதைவிட அதிகம். 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். வாய்க்குள் விரல் விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரலைச் சப்ப வேண்டும். வாய் ஜில்லென்று இருந்து, சப்பவும் இல்லையென்றால் அதற்குப் பாலை விழுங்கவும் தெரியாது, செரிக்கவும் முடியாது. ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போகும். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்து 99க்குக் கீழே காட்டினால் பாலைத் தொடாதீர்கள்.

முதலில் ஈரம் போகத் துடையுங்கள். சணல் சாக்கில் சுற்றி, வெந்நீர் அடைத்த பாட்டில் இரண்டைத் துணி சுற்றி இரு பக்கமும் வையுங்கள். அன்று அந்தத் தம்பியின் குட்டிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரலை முதல் தடவை சப்பியபோதுதான் சீம்பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். காத்திருக்கும் நேரத்தில் தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனைத்துவிடுங்கள். நோய் உள்ளே போகிற வாசல் அது.

3. முதல் பால் சீம்பால்தான். அதற்கு மாற்று இல்லை

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புச் சத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி அந்தச் சத்தைக் குட்டிக்குக் கடத்தாது. வெறுங்கையோடு பிறக்கிற குட்டிக்குத் தாய் தருகிற சீர் சீம்பால்தான். அதை உள்ளே விடும் குடலின் கதவு பிறந்த நிமிசத்திலிருந்தே மூடத் தொடங்கி, 24 மணி நேரத்தில் அடைத்துவிடும். அதற்குப் பிறகு குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் வயிறு நிறையும், எதிர்ப்புச் சத்து ரத்தத்தில் ஏறாது.

பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் தடவை கொடுத்துவிடுங்கள். கிலோவுக்கு 50 மில்லி கணக்கு. நம்மூர்க் குட்டி பெரும்பாலும் 2 கிலோ சொச்சம் இருக்கும். அப்படியென்றால் ஒரு வேளைக்கு 100 மில்லி. முதல் நாளில் இப்படி மூன்று நான்கு தடவை. மொத்தம் 300 முதல் 400 மில்லி உள்ளே போனால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

4. சீம்பாலை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்

தாய் செத்த பிறகு சீம்பாலுக்கு ஓடாதீர்கள். ஒற்றைக் குட்டி போட்ட ஆடு எதுவோ, அதன் முதல் நாள் பாலில் குட்டி குடித்தது போக மிஞ்சுவதைக் கறந்து, 50, 100 மில்லி பிடிக்கும் சின்ன பாட்டில்களில் அடைத்து, மேலே தேதி எழுதி, குளிர்பெட்டியின் உறைய வைக்கும் தட்டில் வையுங்கள். நன்றாக உறைந்து கிடந்தால் ஒரு வருசம் தாங்கும். நோயில்லாத ஆட்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

உருக்குவதில் கவனம் வேண்டும். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் பாறையாகக் கட்டும், தெரியும் அல்லவா? அப்படிக் கட்டுவதற்குக் காரணம் அதிலிருக்கிற புரதம். குட்டியைக் காப்பதும் அந்தப் புரதத்தில்தான் இருக்கிறது. சூட்டில் அது கட்டிவிட்டால் நமக்குப் பலகாரம், குட்டிக்கு ஒன்றுமில்லை. ஆகவே அடுப்பில் வைக்காதீர்கள். கை பொறுக்கிற சூட்டில் ஒரு சட்டி வெந்நீர் வைத்து, பாட்டிலை அதற்குள் நிறுத்தி மெதுவாக உருக்குங்கள்.

ஆட்டுச் சீம்பால் இல்லையென்றால் பசுவின் சீம்பால் அடுத்தது. ஆட்டுடையதற்கு முழு ஈடாகாது. ஆனாலும் நிறையவே காக்கும். முட்டை, பால், விளக்கெண்ணெய் கலந்து கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதில் சத்து இருக்கிறது, குட்டியின் முதல் மலமான காட்டுப்பீயும் இளகி வரும். எதிர்ப்புச் சத்து மட்டும் துளியும் கிடையாது. அதைக் கொடுத்துவிட்டுச் சீம்பால் கொடுத்த நிம்மதியில் தூங்காதீர்கள்.

5. இப்போது வருகிறது உங்கள் கேள்வி: எந்தப் பால்?

முதலிடம் ஆட்டுப்பாலுக்கு. பால் மிஞ்சுகிற ஆடு பட்டியில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். இரண்டாவது பசும்பால். இரண்டும் ஏறக்குறைய ஒரே தன்மை. கொழுப்பு நூற்றுக்கு நான்கை ஒட்டி இருக்கும். தாயில்லாக் குட்டிகளில் பெரும்பாலானவற்றைப் பசும்பாலில்தான் ஆளாக்கினேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பாக்கெட் பால்தான் கிடைக்கும் என்றால் உறையின் நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள். நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5 சதவீதம், குட்டிக்கு அது ஒத்து வரும். சமன்படுத்திய பாலில் 3. இருமுறை சமன்படுத்தியதில் 1.5தான், அது நம் வீட்டுச் சர்க்கரை நோயாளிக்கு, குட்டிக்கு அல்ல. நிறைகொழுப்புப் பாலில் 6. எருமைப்பாலிலும் 6 முதல் 8 வரை இருக்கும். வேறு வழியில்லையென்றால் அதையும் கொடுக்கலாம். ஆனால் சிறிய அளவில் தொடங்கி, புழுக்கையைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும்.

எந்தப் பாலானாலும் தண்ணீர் கலக்காதீர்கள். “பிஞ்சு வயிறு, கெட்டியாக் குடுத்தா செரிக்காது” என்று சொல்வார்கள். தண்ணீர்ப் பால் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. வயிறு புடைத்து, முதுகெலும்பு தெரிகிற குட்டியைப் பார்த்தால், பால்காரர் ஊற்றினாரா வீட்டுக்காரர் ஊற்றினாரா என்பதுதான் என் முதல் சந்தேகம்.

6. சர்க்கரையும் கஞ்சியும் வேண்டாம்

நமக்குக் காபிக்குச் சர்க்கரை மாதிரி, குட்டிக்கும் ஒரு கரண்டி போட்டால் தெம்பு என்று நினைப்பு. நானும் போட்டிருக்கிறேன். பேத்திதான் தடுத்தாள். பாலில் இருக்கிற இனிப்பை உடைக்கக் குட்டியின் குடலில் சாறு உண்டு; கரும்புச் சர்க்கரையை உடைக்கச் சாறு இல்லையாம். செரிக்காத சர்க்கரை குடலில் கிடந்து தண்ணீரை இழுத்துக் கழிச்சலில் விடும். வெல்லமும் கருப்பட்டியும் அதே கதைதான். காபிக்குக் கலக்க டப்பாவில் வருகிற பால்பொடிகளில் சர்க்கரை சேர்ந்தே இருக்கும். அதனால் அவையும் ஆகாது. அரிசிக் கஞ்சி, கேப்பைக் கூழ், குழந்தைகளுக்கு டப்பாவில் விற்கும் மாவு, எதையும் முதல் சில வாரம் கிட்டே கொண்டுவராதீர்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற வயது அது இல்லை. சோயாப் பாலும் கூடாது.

7. பால்மாற்றுப் பொடி வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள்

பெரிய பண்ணைக்காரர்கள் பொடி வாங்கிக் கலக்குகிறார்கள். அதில் தப்பில்லை. பையின் பின்பக்கத்தில் இரண்டு விசயம் பாருங்கள். புரதம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தப் புரதம் பாலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், சோயா மாவிலிருந்து அல்ல. ஆட்டுக்குட்டிக்கென்றே செய்ததாக இருந்தால் நல்லது. போட்டிருக்கிற அளவுப்படி நிறுத்துக் கலக்குங்கள், கண்மதிப்பு வேண்டாம். ஒரு நாள் கெட்டி, ஒரு நாள் தண்ணி என்று போனால் வயிறு கெடும். ஒன்றிரண்டு குட்டிக்குப் பொடி தேடி அலைய வேண்டியதில்லை. நாலு வீடு தள்ளி ஒரு பசு நின்றால் போதும்.

8. தொடங்கிய பாலை மாற்றாதீர்கள்

திங்கள் பசும்பால், செவ்வாய் பாக்கெட் பால், புதன் எருமைப்பால் என்று கிடைத்ததைக் கொடுக்கிற வீட்டில் குட்டி தேறுவது கடினம். சுமாரான பால் ஒன்றை நிலையாகக் கொடுப்பது, நல்ல பால் மூன்றை மாற்றி மாற்றிக் கொடுப்பதைவிட மேல். ஆகவே மூன்று மாதமும் தட்டாமல் எது கிடைக்குமோ அதையே முதல் நாளிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் நாள் கால் பங்கு புதுப்பால், மறுநாள் பாதி, அதற்கடுத்த நாள் முக்கால் என்று நாலு நாளில் மாற்றுங்கள்.

9. காய்ச்சுங்கள், ஆற்றுங்கள், ஒரே சூட்டில் கொடுங்கள்

சீம்பாலைத்தான் காய்ச்சக் கூடாது என்றேன். மற்றப் பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். அடுத்த வீட்டு மாட்டுக்கோ ஆட்டுக்கோ காசநோயும் கருச்சிதைவு நோயும் இருக்கிறதா என்று மடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் பால் வழி இறங்கும். கருச்சிதைவு நோய் கறக்கிற நம்மையும் பிடிக்கும். ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள்.

கொடுக்கிற சூடு, குட்டியின் உடல் சூடு. அதே 102 டிகிரி, ஒன்றிரண்டு கூடினால் பரவாயில்லை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது. ஆறிப்போன பாலைக் குட்டி குடிக்கும், குடித்துவிட்டு நடுங்கும். மழைக்காலத்தில் புட்டிக்கு ஒரு பழைய காலுறையை மாட்டிவிட்டால், கடைசிச் சொட்டுவரை சூடு நிற்கும்.

10. அளவை மீறாதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பல வருசத்துக்கு முன் என்னிடம் ஒரு பால்கன்னிக் குட்டி இருந்தது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. தாயில்லாதது என்று வீட்டுக்குள்ளேயே வளர்த்தேன். கத்தினால் போதும், புட்டியை நீட்டுவேன். மூன்று வாரத்தில் தெருவே கண்ணு வைக்கிற மாதிரி கொழுகொழுவென்று இருந்தது. ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போய் லேட்டாக வந்தேன். பசியில் கதறியது, பாவம் என்று இரண்டு புட்டி முழுக்கக் கொடுத்தேன். ராத்திரி வயிறு உப்பியது. கழுத்தைப் பின்னால் வளைத்துக் காலை உதறியது. விடியுமுன் போய்விட்டது. “துள்ளுமாரி ஆச்சி. குடல்ல எப்பவும் கொஞ்சம் இருக்கிற கிருமிதான். செரிக்காம நிறையப் பால் தேங்குனா அதுக்கு விருந்து. பெருகி விசத்தைக் கக்கிரும்” என்றார் மருத்துவர். பசியில் எந்தக் குட்டியையும் நான் சாகவிட்டதில்லை. பாசத்தில் விட்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரு நாளைக்குக் குட்டியின் எடையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு பால். ஒரு வேளைக்கு நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டக் கூடாது. 2 கிலோ குட்டிக்கு நாளுக்கு 300 முதல் 400 மில்லி. முதல் வாரம் அதை ஐந்தாகப் பிரித்து 60 முதல் 80 மில்லியாகக் கொடுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரம் நாலு வேளை. ஒரு மாதத்தில் 4 கிலோ வந்துவிட்டால் மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லி. ஆறு வாரத்துக்குப் பிறகு இலையும் தின்னும் என்பதால் இரண்டு வேளை போதும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் சேர்த்து ஈடுகட்டாதீர்கள். போனது போனதுதான்.

வாரம் ஒரு முறை எடை போடுங்கள். கட்டைப்பையில் குட்டியை உட்கார வைத்து, மீன்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசில் மாட்டினால் முடிந்தது. குடித்து முடித்த குட்டியின் வயிறு தட்டையாக, லேசாக நிரம்பி இருக்க வேண்டும். முரசு மாதிரி நிற்கக் கூடாது. குடித்த பிறகும் கத்தும். கத்தட்டும். தாய் ஆடும் நாலு உறிஞ்சுக்குப் பிறகு காலைத் தாண்டி நகர்ந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

11. குட்டி நிற்கட்டும், மடியில் மல்லாத்தாதீர்கள்

குட்டிக்கு நாலு இரைப்பை. பால் செரிக்க வேண்டியது நாலாவதில். தலையை நிமிர்த்தி உறிஞ்சும்போது, உள்ளே ஒரு மடிப்பு வாய்க்கால் மாதிரி குவிந்து, பாலை முதல் இரைப்பையில் விழவிடாமல் நேராகக் கடைசிக்குக் கொண்டுபோகிறது. உறிஞ்சினால்தான் அந்த வாய்க்கால் நன்றாகக் குவியும். நாமாக ஊற்றினால், பால் தப்பான பையில் விழுந்து புளித்துப்போகும்.

அதனால்தான் பாலாடையும் சங்கும் ஆட்டுக்குட்டிக்கு ஆகாது என்கிறேன். கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாத்திப் போட்டு ஊற்றினால் புரையேறி நுரையீரலில் இறங்கும். இரண்டு நாளில் சளி, மூச்சிரைப்பு, பிறகு கையைவிட்டுப் போகும். குட்டி நாலு காலில் நிற்கட்டும். புட்டியைத் தாயின் மடி உயரத்தில், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். மூக்கு கண்ணைவிட மேலே போனால் புட்டி உயரம் என்று அர்த்தம். மெடிக்கல் கடையில் கிடைக்கும் குழந்தைப் புட்டியின் ரப்பரே போதும். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஓடினால் ஓட்டை பெரிது, வேறு ரப்பர் மாற்றுங்கள்.

முதல் நாள் ரப்பரைப் பிடிக்க அடம் பிடிக்கும். கையால் கண்ணை மறைத்து, வால் அடியில் விரலால் நீவிவிடுங்கள். தாய் நக்குவதும் அந்த இடத்தைத்தான். வால் ஆடத் தொடங்கினால் வேலை முடிந்தது.

12. புட்டியை முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்

எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் ஓரத்துப் பால் வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ரப்பரைத் திருப்பிப்போட்டுத் தேயுங்கள். முகர்ந்து பார்த்தால் புளிப்பு வாடை வரக் கூடாது.

13. கழிச்சல் கண்டால் புட்டியைக் குறை சொல்லுமுன் உங்கள் கையைப் பாருங்கள்

பால் கூடிப்போனதா, சூடு குறைந்ததா, பால் மாறியதா, புட்டி அழுக்கா? பாதிக் கழிச்சலுக்குக் காரணம் இந்த நாலுக்குள் கிடைக்கும். அடுத்த ஒன்றிரண்டு வேளைப் பாலைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து, வெதுவெதுப்பாக 50, 60 மில்லி கொடுங்கள். பாலோடு கலந்து கொடுக்காதீர்கள். பாலை அடியோடு நிறுத்திப் பட்டினியும் போடாதீர்கள். கழிகிற குட்டிக்குத்தான் தெம்பு வேண்டும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் தண்ணீர்ச் சத்து வற்றிவிட்டது. கழிச்சலில் ரத்தம், உப்பிய வயிறு, விரலைச் சப்பாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைமருந்து பார்க்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். போக வண்டி இல்லையென்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். மிச்சமிருக்கிற மாத்திரையைப் பாதி ஒடித்துப் போடுகிற வைத்தியம் மட்டும் வேண்டாம்.

14. இரண்டாம் வாரமே இலை காட்டுங்கள்

பாலிலேயே வளர்ந்த குட்டி பார்க்க அழகாக இருக்கும். முதல் இரைப்பை வளர்ந்திருக்காது. அது வளர இலையும் தழையும் உள்ளே போக வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் அகத்தி, வேலிமசால், சூபாபுல் கொழுந்தை ஒரு கொத்தாகக் கட்டி, குட்டியின் மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதிக்கும், மூத்திரம் போகும், பிறகு தொடாது. முதலில் விளையாட்டுக்குக் கடிக்கும், ஒரு வாரத்தில் மெல்லும், பிறகு அசைபோடும். பெரிய ஆடு ஒன்று பக்கத்தில் நின்று தின்றால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பாலை நிறுத்த நாள் பார்ப்பதைவிடக் குட்டியைப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், எடை பிறந்ததைப் போல இரண்டரை மடங்காவது வந்திருக்க வேண்டும், அசைபோட வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள்.

15. கிடாய்க்குட்டிக்கு மனுச வாசம் அதிகம் ஏற வேண்டாம்

புட்டி கொடுக்கிற கைதான் தாய் என்று குட்டி நினைக்கும். பெட்டைக்குட்டி என்றால் பின்னாலேயே வருகிற செல்லம். கறக்கும்போது நின்று கொடுக்கும். கிடாய் அப்படி இல்லை. சின்னதில் முட்டினால் சிரிக்கிறோம். ஒன்றரை வயதில் அதே விளையாட்டை முழங்காலில் காட்டும்போது சிரிப்பு வராது.

இது நம் கிடாயோடு நிற்கிற கதை இல்லை. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டிஸ் மலையில் ரோமத்துக்காக அல்பாக்கா என்று ஒன்று வளர்க்கிறார்கள். ஒட்டகத்துக்குச் சின்னத் தங்கை மாதிரி இருக்கும். பேத்தி போனில் படம் காட்டினாள். அதன் குட்டி பிறக்கும்போதே 6, 7 கிலோ இருக்குமாம். அதற்கும் இதே சட்டம்தான்: முதல் நாளில் சீம்பால், பிறகு தாய் இல்லையென்றால் ஆட்டுப்பாலோ பசும்பாலோ. தாய்ப்பால் கிடைக்காத அல்பாக்காவுக்கும் நம் வெள்ளாடுதான் செவிலித்தாய் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் தனியாகப் புட்டியில் வளர்த்த ஆண் அல்பாக்கா, மனுசனைத் தன் இனத்துப் போட்டியாளன் என்று நினைத்து, பெரிதானதும் மேலே பாய்ந்து தள்ளிக் கடிக்குமாம். அதனால் அதை வளர்க்கிறவர்கள் ஆண்குட்டியைக் கூட்டத்தோடு விட்டு, பால் நேரத்துக்கு மட்டும் போய்க் கொடுத்துவிட்டு, கொஞ்சாமல் திரும்பிவிடுகிறார்கள். நம் கிடாய்க்கும் அதையே சொல்கிறேன். பட்டியில் விடுங்கள். புட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். நெற்றியைத் தள்ளி விளையாடாதீர்கள்.

கட்டைப்பையில் வந்த அந்தக் குட்டி பெட்டை. என் குளிர்பெட்டியில் இருந்த சீம்பால் பாட்டில் நாலும் அதற்கே போயின. பிறகு பசும்பால், எதிர்வீட்டு மாடு. தம்பி வாரா வாரம் எடையைப் போனில் சொல்லுவார். ஒரு வாரம் ஏறவே இல்லை என்று பதறினார். விசாரித்தால், மாட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்க, வீட்டில் பாக்கெட் பாலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மாசி கடைசியில் 8 கிலோ. பாலை நிறுத்தியாயிற்று.

போன வாரம் மறுபடியும் வந்தார். கையில் அதே கட்டைப்பை. எனக்குப் பகீரென்றது. உள்ளே குட்டி இல்லை. ஈரத்துணி சுற்றிய இரண்டு சின்ன பாட்டில். அவரிடம் இருக்கும் வேறொரு ஆடு ஒற்றைக் குட்டி போட்டிருக்கிறதாம்.

“குட்டி குடிச்சது போக மிச்சம், ஆச்சி. உங்க பெட்டியில கிடக்கட்டும். யாராச்சும் வருவாங்கல்ல.”

வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் தேதி எழுதியிருந்தார்.